முற்றத்துக்கு எத்தனை யூனிட் ஜல்லி?

கண் மதிப்பு ஏமாற்றும், அடிக்கோல் ஏமாற்றாது!

வீடு கட்டியாகி விட்டது. கிரகப்பிரவேசமும் முடிந்து விட்டது. ஆனால் வாசல் மட்டும் அப்படியே கிடக்கிறது. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி.

"ஒரு லோடு கிராவல் அடித்து, மேலே ஜல்லி பரப்பினால் போதும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஒரு லோடு எந்த மூலைக்கு? மூன்று லோடாவது வேண்டும்" என்கிறார் கொத்தனார்.

"எவ்வளவு வேண்டுமோ சொல்லுங்கள், கொண்டு வந்து கொட்டுகிறேன்" என்கிறார் லாரிக்காரர்.

யார் சொல்வது சரி?

மூன்று பேரும் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள். ஒருவரும் அளந்து சொல்லவில்லை. அளப்பது பெரிய வித்தை அல்ல. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கூடப் போட்டு விடலாம்.

வழுக்கி விழுந்த மாமியார்

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். செங்கல்பட்டுப் பக்கம் சொந்த வீடு. கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். மனைவி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வயதான மாமியார் இருக்கிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள்.

சென்ற ஐப்பசி மழையில் மாமியார் வாசல் சேற்றில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"அடுத்த மழைக்குள் வாசலைச் சரி செய்தே ஆக வேண்டும்" என்று மருமகள் தீர்மானித்தார். கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம். அதை ஒரு தடவைதான் செலவு செய்ய முடியும்.

குறைவாக வாங்கினால் என்ன ஆகும்? பாதி முற்றம் அப்படியே நின்று விடும். மீதிக்கு இன்னொரு நடை லாரி வர வேண்டும். கால் லோடு வந்தாலும் லாரி வாடகை குறையாது.

கூடுதலாக வாங்கினால்? மிச்சம் தெருவில் குவிந்து கிடக்கும். சைக்கிளில் வருகிற பிள்ளைகள் சறுக்கி விழுவார்கள். மழையில் கல் கரைந்து போகாது. ஆனால் உருண்டு போய்ச் சாக்கடையை அடைக்கும்.

ஆகவே, கணக்குப் போட்ட பிறகுதான் பணத்தை எடுப்பது என்று குடும்பத்தில் முடிவாயிற்று.

யூனிட் என்றால் என்ன?

கரண்ட் பில்லில் வருகிற யூனிட் வேறு. மணல், ஜல்லி, கிராவல் வாங்குகிற யூனிட் வேறு.

தமிழ்நாட்டில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஒரு கன அடி என்றால் என்ன? நீளம் ஓர் அடி, அகலம் ஓர் அடி, உயரம் ஓர் அடி உள்ள ஒரு பெட்டி. அந்தப் பெட்டி கொள்ளும் அளவுதான் ஒரு கன அடி. அதுபோல் நூறு பெட்டி சேர்ந்தால் ஒரு யூனிட்.

மனத்தில் படம் வரவில்லையா? ஒரு சிமெண்டு மூட்டையை நினைத்துக் கொள்ளுங்கள். 50 கிலோ சிமெண்டு ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி இடம் பிடிக்கும். அப்படியானால் ஒரு யூனிட் என்பது 80 சிமெண்டு மூட்டை அளவு. இதை மறக்கவே முடியாது!

சில கிரஷர்களில் கன மீட்டர் கணக்கு. ஒரு யூனிட் 2.83 கன மீட்டர் ஆகும். சில இடங்களில் டன் கணக்கு. ஒரு யூனிட் கருங்கல் ஜல்லி சுமார் 4 முதல் 4½ டன் வரை எடை இருக்கும். டன் கணக்கில் வாங்கும்போது சரக்கு ஈரமாக இருந்தால் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

முதலில் படம் போடுங்கள்

மருமகளும் பேத்தியும் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார்கள். கணக்கு நோட்டில் முற்றத்தின் படம் ஒன்று போட்டார்கள். முற்றம் சதுரமாக இல்லை. அதற்காக அவர்கள் மலைக்கவில்லை. துண்டு துண்டாகப் பிரித்தார்கள்.

வீட்டின் முன்பக்கம் 30 அடி நீளம், 16 அடி அகலம். பெருக்கினால் 480 சதுர அடி.

வீட்டின் பக்கத்துச் சந்து 35 அடி நீளம், 4 அடி அகலம். பெருக்கினால் 140 சதுர அடி.

கேட் ஓரத்தில் ரோடு சாய்வாகப் போகிறது. அங்கே ஒரு முக்கோணத் துண்டு. அடிப்பக்கம் 11 அடி. உயரம் 5 அடி. முக்கோணத்துக்குப் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். 11 × 5 = 55. பாதி 27½ சதுர அடி.

மூன்றையும் கூட்டினால் 647½ சதுர அடி.

இதில் ஜல்லி போடக் கூடாத இடங்களைக் கழிக்க வேண்டும். துளசி மாடம் 3 அடிக்கு 3 அடி. அதாவது 9 சதுர அடி. வேப்ப மரத்தைச் சுற்றி வட்டப் பாத்தி. குறுக்களவு 7 அடி. வட்டத்துக்கு வழி என்ன? குறுக்களவில் பாதியை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 22-ஆல் பெருக்கி, 7-ஆல் வகுக்க வேண்டும். 3½ × 3½ × 22 ÷ 7 = 38½ சதுர அடி.

9-ம் 38½-ம் சேர்ந்து 47½. இதை 647½-ல் கழித்தால் மீதி 600 சதுர அடி.

மரத்தடியில் ஏன் ஜல்லி போடக் கூடாது? அடிமரத்தை மூடி மண்ணும் கல்லும் குவித்தால் பட்டை அழுகும். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போக வழி வேண்டும். ஆகவே பாத்தியை விட்டு விடுவதே நல்லது.

எத்தனை அங்குலம் கனம்?

பரப்பு தெரிந்து விட்டது. இனி கனம்.

மனிதர் மட்டும் நடக்கிற பாதைக்கு 2 முதல் 3 அங்குல ஜல்லி போதும். மோட்டார் சைக்கிளோ காரோ ஏறி இறங்கும் இடம் என்றால் ஜல்லி மட்டும் போதாது. கீழே கிராவல் போட்டு இறுக்க வேண்டும். அடியில் 4 அங்குல கிராவல், மேலே 2 அங்குல ஜல்லி என்பது சிறிய வண்டிகள் வந்து போகும் வீட்டு முற்றத்துக்குப் பொருத்தமான கனம்.

ஜல்லியைக் கூடுதலாகக் கொட்டினால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. இறுகாத ஜல்லி 4 அங்குலம், 5 அங்குலம் கிடந்தால் கால் புதையும். சைக்கிள் சக்கரம் புதையும். வயதானவர்களுக்கு நடப்பதே கஷ்டம்.

மறக்கக் கூடாத எண் 1,200

கனத்தை அங்குலத்தில் சொல்கிறோம். பரப்பை அடியில் சொல்கிறோம். இரண்டையும் அப்படியே பெருக்கினால் கணக்கு பன்னிரண்டு மடங்கு தப்பாகி விடும்! பலர் தவறுவது இங்கேதான். 12-ஆல் வகுத்தால்தான் கன அடி வரும். அதை 100-ஆல் வகுத்தால் யூனிட் வரும்.

இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் சொல்லி விடலாம்:

சதுர அடி × அங்குலம் ÷ 1,200 = யூனிட்.

கிராவலுக்கு: 600 × 4 ÷ 1,200 = 2 யூனிட்.

ஜல்லிக்கு: 600 × 2 ÷ 1,200 = 1 யூனிட்.

"அவ்வளவுதானா? மூன்று யூனிட்! நாளைக்கே சொல்லி விடலாம்" என்றார் கணவர்.

"பொறுங்கள். கிராவல் அமுங்காதா?" என்றார் மனைவி.

கேட்டது சரியான கேள்வி.

கால் பங்கு குறைந்தால் எவ்வளவு கூட்டுவது?

லாரியில் வருகிற கிராவல் உதிரியாக இருக்கும். அதைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்தாலோ, ரோலர் ஓட்டினாலோ அது இறுகும். நான்கு அங்குலம் கொட்டியது மூன்று அங்குலம் ஆகி விடும். அதாவது கால் பங்கு குறையும். மண்ணின் தன்மையைப் பொறுத்து இது கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

"கால் பங்கு குறைகிறதா? அப்படியானால் கால் பங்கு சேர்த்து வாங்கினால் சரியாகி விடும்" என்றார் கணவர்.

சரியாகாது! 200 கன அடியுடன் கால் பங்கு சேர்த்தால் 250. அது இறுகும்போது 250-ல் கால் பங்கு, அதாவது 62½ போய் விடும். மீதி 187½ தான். 12½ கன அடி குறைகிறது. பத்து சிமெண்டு மூட்டை அளவு!

கால் பங்கு குறையும் பொருளுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். 200-ல் மூன்றில் ஒரு பங்கு 67. மொத்தம் 267 கன அடி. அதில் கால் பங்கு போனால் 200 மிச்சம். சரியாக இருக்கிறதல்லவா?

யூனிட்டை முழுதாகவும் அரை, கால், முக்கால் என்றும்தான் கேட்பது வழக்கம். ஆகவே 2¾ யூனிட், அதாவது 275 கன அடி கிராவல்.

மேலே போடும் ஜல்லி இவ்வளவு அமுங்காது. ஆனால் கொஞ்சம் கிராவலுக்குள் இறங்கும். கொஞ்சம் ஓரங்களில் சிதறும். பத்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும். 100-க்கு 110 கன அடி. வாங்குவதானால் 1¼ யூனிட் என்று கணக்கு எழுதினார்கள்.

வெட்டுகிற மண்ணையும் எண்ணுங்கள்

கேட்டின் அடியில் இரண்டு அங்குல இடைவெளிதான் இருக்கிறது. அதன்மேல் ஆறு அங்குலம் போட்டால் கேட் திறக்காது! ஆகவே மண்ணை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கிராவல் போட வேண்டும்.

அப்படி வெட்டும்போதே சரிவு வைக்க வேண்டும். சுவர் ஓரத்திலிருந்து தண்ணீர் வெளியே ஓட வேண்டும். நான்கு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு என்பது நல்ல கணக்கு. சுவரிலிருந்து கேட் வரை 16 அடி. ஆகவே 4 அங்குல சரிவு.

சுவர் ஓரத்தில் 1 அங்குலம் வெட்டினால், கேட் ஓரத்தில் 5 அங்குலம் வெட்ட வேண்டும். சராசரி 3 அங்குலம். அதன்மேல் எல்லா இடத்திலும் ஒரே கனமாக 6 அங்குலம் போட்டால், சுவர் ஓரம் 5 அங்குலம் உயரும். கேட் ஓரம் 1 அங்குலம்தான் உயரும். கேட் தாராளமாகத் திறக்கும்.

வீட்டின் அஸ்திவார மேடை ஒன்றரை அடி உயரம். 5 அங்குலம் போனாலும் 13 அங்குலம் மிச்சம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காது. மேடை தாழ்வாக உள்ள வீடுகளில் வெட்டாமல் கொட்டினால் வரும் ஆபத்தே இதுதான். முற்றம் உயர்ந்து, வீடு பள்ளமாகி விடும்.

சரி, வெட்டுகிற மண் எவ்வளவு? 600 × 3 ÷ 1,200 = 1½ யூனிட். பூமியில் இறுகிக் கிடந்த மண்ணை வெட்டினால் அது பொங்கும். கால் பங்கு கூடும். 150 கன அடி 187½ ஆகும். 150 சிமெண்டு மூட்டை மண்! இதை எங்கே போடுவது என்று யோசிக்காமல் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது.

இந்த வீட்டில் பின்பக்கம் வாழையும் தென்னையும் இருந்தன. மேல் மண் அவற்றின் பாத்திக்குப் போயிற்று. லாரிச் செலவு மிச்சம்.

எந்தக் கல் நல்லது?

கூழாங்கல் அழகாக இருக்கும். ஆனால் உருண்டைக் கல் காலடியில் உருளும். உடைத்த ஜல்லிக்கு மூலைகள் உண்டு. ஒரு கல்லின் மூலை இன்னொரு கல்லின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அதனால் அது நகராது.

இந்த உண்மையை வைத்தே ரோடு போட்டுப் புகழ் பெற்றவர் ஜான் மக்காடம். ஸ்காட்லாந்தில் 1756-ல் பிறந்தவர். 1816-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சுற்றியுள்ள சாலைகளின் மேற்பார்வையாளர் ஆனார். பெரிய பெரிய பாறைகளை அடுக்குவதை விட, சிறிதாக உடைத்த கற்களைப் பரப்பி இறுக்கினால் ரோடு உறுதியாக நிற்கும் என்று காட்டினார். ஒரு கல் ஆறு அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராம் எடைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவருடைய விதி. ரோட்டை நடுவில் சற்று மேடாக வைத்து, தண்ணீர் இரு பக்கமும் வடியச் செய்தார். நம் ஊர்க் கப்பி ரோடுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

கடையில் ஜல்லி பல அளவில் கிடைக்கும். ஒன்றரை ஜல்லி என்பது 40 மில்லிமீட்டர். முக்கால் ஜல்லி 20 மில்லிமீட்டர். அரை ஜல்லி 12 மில்லிமீட்டர். அதற்கும் சிறியது சிப்ஸ், 6 மில்லிமீட்டர். முற்றத்தின் மேல் பரப்புக்கு அரை ஜல்லியே ஏற்றது. முக்கால் ஜல்லி வெறுங்காலைக் குத்தும். தூள் கலந்த சிப்ஸ் மழையில் சேறு போல ஒட்டும்.

சென்னை வட்டாரத்தில் கிடைக்கும் கருநீலக் கல்லுக்குச் சார்னாக்கைட் என்று பெயர். கொல்கத்தா நகரின் வரலாற்றில் இடம் பெற்ற ஆங்கில வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இதே இனக் கல் இருக்கிறது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கும் வைத்தார். பரங்கிமலையும் பல்லாவரமும் இந்தக் கல்லுக்குப் பெயர் போன இடங்கள். வாசலில் கொட்டும் ஜல்லிக்குள்ளும் ஒரு சரித்திரம் இருக்கிறது!

மாமியார் சொன்ன யோசனை

கணக்கெல்லாம் முடிந்தது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார் வாய் திறந்தார்.

"ஏம்மா, நான் கோல் ஊன்றி நடக்கிறவள். ஜல்லியில் கோல் நிற்குமா?"

மருமகளுக்குச் சுருக்கென்றது. யாருக்காக வாசலைச் சரி செய்கிறார்களோ, அவருடைய காலை யாரும் நினைக்கவில்லை!

"படியிலிருந்து கேட் வரை கல் பாவி விடலாம் அத்தை" என்றார் அவர்.

3 அடி அகலத்தில் சொரசொரப்பான கற்பலகை பாவுவது என்று முடிவாயிற்று. வழவழப்பான கல் மழையில் வழுக்கும். ஆகவே பாலிஷ் செய்யாத கல். கனம் 2 அங்குலம். ஜல்லிக்குச் சமமாக இருக்கும், கால் இடறாது.

மகள் மறுபடியும் நோட்டை எடுத்தாள். 16 × 3 = 48 சதுர அடி. அந்த இடத்துக்கு ஜல்லி தேவையில்லை. 48 × 2 ÷ 12 = 8 கன அடி குறைகிறது. 100-ல் 8 போனால் 92. பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 101.

"அம்மா, ஒண்ணேகால் யூனிட் வேண்டாம். ஒரு யூனிட்டே போதும்!" என்று கத்தினாள்.

கால் யூனிட் ஜல்லிப் பணம் கற்பலகைச் செலவில் ஒரு பகுதிக்கு ஆயிற்று.

லாரி வந்தது

கிராவல் லாரி வந்து நின்றது. மருமகள் டேப்புடன் வெளியே வந்தார்.

"விடு, டிரைவர் தப்பாக நினைக்கப் போகிறார்" என்று கணவர் காதோடு சொன்னார்.

"அண்ணே, இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்துகொள்கிறோம்" என்றார் மருமகள்.

"தாராளமா அளந்துக்கம்மா. அளந்து வாங்குறவங்க வீட்டிலேதான் அப்புறம் பேச்சு வராது" என்றார் டிரைவர்.

லாரிப் பெட்டியின் உள் அளவு நீளம் 14 அடி, அகலம் 7 அடி, பக்கப் பலகை உயரம் 2½ அடி. மகள் பெருக்கினாள். 245 கன அடி.

"அப்பா, முப்பது குறையுது!"

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். "பாப்பா, பலகை வரைக்கும்தான் கணக்குப் போட்டிருக்கே. மேலே கும்பாரமா இருக்கிறதை யார் அளப்பாங்க?" என்று கேட்டு, மேலே ஏறி மண்வெட்டியால் நிரவி விட்டார்.

பிறகு கூரான கம்பி ஒன்றை அடித்தளம் தட்டும் வரை ஐந்து இடங்களில் குத்தி ஆழம் பார்த்தார்கள். நான்கு மூலைக்கு அருகே 31, 32, 33, 34 அங்குலம். நடுவில் 38 அங்குலம். கூட்டினால் 168. ஐந்தால் வகுத்தால் 33.6 அங்குலம்.

14 × 7 × 33.6 ÷ 12 = 274.4 கன அடி.

கேட்டது 275. வந்தது 274.4. டிரைவர் சொன்னது உண்மை!

அளப்பது திருடனைப் பிடிக்க மட்டும் அல்ல. நாணயமானவரின் பெயரைக் காப்பாற்றவும் அதுதான் வழி. அன்று டிரைவருக்கு மோர் கிடைத்தது.

லாரி அளக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெளி அளவை எடுக்காமல் உள் அளவையே எடுக்க வேண்டும். இறக்குவதற்கு முன்பே அளக்க வேண்டும். குவாரியிலிருந்து வரும் சரக்குக்கு நடைச்சீட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று: இந்த லோடின் எடை மட்டும் ஏறத்தாழ 12 டன். செப்டிக் டேங்க் மூடி மேலோ, சாக்கடைப் பலகை மேலோ லாரியை ஏற விடக் கூடாது.

கொட்டி விட்டுப் போய் விட்டால்?

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் கொட்டி விட்டுப் போவதும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. குவியல் கூம்பு போல இருந்தால் அடியில் சுற்றளவை ஒரு கயிற்றால் அளக்க வேண்டும். நடு உயரத்தையும் அளக்க வேண்டும்.

சுற்றளவு × சுற்றளவு × உயரம் ÷ 38 = கன அடி.

சுற்றளவு 32 அடி, உயரம் 3½ அடி என்றால், 32 × 32 × 3½ = 3,584. 38-ஆல் வகுத்தால் 94 கன அடி. ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. குவியல் நீளவாக்கில் கிடந்தால் இந்தக் கணக்கு சரிவராது. முதலில் மண்வெட்டியால் வட்டமாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

கரிசல் ஊர்க்காரர்கள் கவனிக்க!

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அங்கே ஜல்லியை நேரே போட்டால் ஒரே மழையில் மண்ணுக்குள் போய் விடும். கிராவல் கனத்தை 6 அங்குலமாகவாவது உயர்த்த வேண்டும். மண்ணுக்கும் கிராவலுக்கும் இடையே ஜியோ டெக்ஸ்டைல் என்ற விரிப்புத் துணி போட்டால் இன்னும் நல்லது. அது தண்ணீரை விடும், கல்லை விடாது. காசு மிச்சம் என்று பிளாஸ்டிக் தாளை விரித்தால் தண்ணீர் தேங்கி விடும்.

எந்த மண்ணானாலும் ஓரத்தில் செங்கல் வரிசை ஒன்று கட்டி விட வேண்டும். இல்லாவிட்டால் ஜல்லி வருஷா வருஷம் தெருவுக்கு நடந்து போய் விடும்!

சிமெண்டு தளம் போட்டால் என்ன?

சிலர் இப்படிக் கேட்பார்கள். சிமெண்டு தளம் சுத்தமாக இருக்கும். ஆனால் மழைத் தண்ணீர் ஒரு சொட்டும் பூமிக்குள் போகாது.

600 சதுர அடி முற்றத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 2,780 லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் குடத்தால் 185 குடம்! ஜல்லி முற்றம் என்றால் அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். மிச்சம் மெதுவாக வடியும். அதைக் கேட் ஓரத்தில் ஒரு உறை குழிக்குள் விட்டால் கிணற்றுக்கு ஊறும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. முற்றமும் அதற்கு உதவட்டுமே.

வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு யூனிட் எவ்வளவு இடத்துக்கு வரும்?

1 அங்குல கனம்: 1,200 சதுர அடி
2 அங்குல கனம்: 600 சதுர அடி
3 அங்குல கனம்: 400 சதுர அடி
4 அங்குல கனம்: 300 சதுர அடி
6 அங்குல கனம்: 200 சதுர அடி

ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) முழுவதும் ஓர் அங்குலம் போட 2 யூனிட். ஒரு சென்ட் (435.6 சதுர அடி) இடத்துக்கு 3 அங்குலம் போட ஒரு யூனிட்டும் இன்னும் 9 கன அடியும்.

இறுக்கும் கிராவலுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். பரப்பும் ஜல்லிக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

ஐப்பசி வந்தது

புரட்டாசிக்குள் வேலை முடிந்தது. தெருவில் ஒரு கூடை ஜல்லி கூடக் கிடக்கவில்லை. சீட்டுப் பணத்துக்கு மேல் கடன் வாங்கவும் இல்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை வெயில் எட்டிப் பார்த்தது. கேட்டில் கீரைக்காரி கூப்பிட்டாள். மருமகள் அடுப்படியில் இருந்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள், மாமியார் கோலை ஊன்றிக் கல் பாதையில் நடந்து, கேட்டருகே நின்று கீரைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.